மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு மடிப்பு

2-2-1990, வெள்ளி

பனி. காலை ஆறரைக்கும் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஏ ஷிப்ட் ஆட்கள் கம்பளிக் குல்லாவுக்குள் கண் மட்டும் தெரிய பஸ்ஸில் ஏறினார்கள். யார் யார் என்றே தெரியவில்லை. இருமலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

இடது பின் டயரில் காற்று இறங்குகிறது. ஷெட்டில் சொல்ல வேண்டும். (நேற்றும் இதையே எழுதியிருக்கிறேன்.)

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் இன்லண்ட் லெட்டர். பெங்களூரிலிருந்து அனந்தய்யா சார்! எத்தனை வருஷம் ஆயிற்று. மண்ணையும் பாறையையும் ஆராய்கிற ஆபீசர் அவர். 74-லிருந்து நாலு சீசன் அவருக்கு ஜீப் ஓட்டினேன். தளியைத் தாண்டி ஜவளகிரிக் காட்டோரம் கூடாரம். அதற்கப்புறம்தான் எனக்கு ஓசூரில் இந்தக் கம்பெனி பஸ்.

கடிதத்தில் நாலே வரி. "பதினெட்டாம் தேதி ஞாயிறு வருகிறேன். நம் பாறையை ஒருமுறை பார்க்க வேண்டும். நீ பத்திரமாக வைத்திருப்பாய் என்று தெரியும்."

கையெழுத்து சாருடையது இல்லை. அவர் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இது குண்டு குண்டாக. மகள் எழுதியிருக்கலாம். ஏன் அவர் எழுதவில்லை?

பத்திரமாக வைத்திருக்கிறேனா நான்? அந்தக் குன்று என் மச்சான் வெங்கடேசுவின் நிலத்தில் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால்தான் அதைக் கிரானைட் குவாரிக்குக் குத்தகைக்கு விட்டான். சாருக்குத் தெரியாது. நானும் எழுதவில்லை. என்னவென்று எழுத?

3-2, சனி

பனி குறைவு. டயர் அப்படியே.

நாள் முழுக்கக் கூடார நினைப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவன் சைக்கிளை நடுரோட்டில் விட, பிரேக் அடித்துப் பின்னால் இருந்தவர்களிடம் திட்டு வாங்கினேன்.

சார் ஒரு நாள் மத்தியானம் ஜமுக்காளத்தை விரித்தார். ஒரு முனையில் என்னை உட்கார வைத்தார், மறு முனையில் சமையல்காரர் மாதப்பாவை. "தள்ளுங்கப்பா ரெண்டு பேரும்." தள்ளினோம். நடுவில் மடிந்து மேலே எழும்பியது.

"நோடு, பாரு முனியப்பா, இந்த முனை இந்தியா, அந்த முனை திபெத்து. நாம போயி இடிச்சோம். நடுவுல எழுந்துச்சே, அதான் இமயமலை. இன்னும் இடிச்சுகிட்டேதான் இருக்கோம்."

மாதப்பா கேட்டார், "டிரைவரு இங்கதானே இருக்கான், பிரேக் போடச் சொல்லுங்க சார்."

"இதுக்கு பிரேக் கெடையாதப்பா. வருஷத்துக்கு ரெண்டு அங்குலம். உன் நகம் வளருதில்ல, அந்த ஸ்பீடு."

அன்றிலிருந்து நகம் வெட்டும்போதெல்லாம் எனக்கு இந்தியா நகர்கிற ஞாபகம். நேற்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வெட்டி, பெண்டாட்டி ஜெயம்மாவிடம் திட்டு. "பொழுது பாத்து பண்றியா நீ? இன்னா மனுசன்!"

இன்னும் சொல்வார். பூமியின் மேல்தோல் ஒரே ஓடு இல்லையாம், பல துண்டாம். கடல் தரை ஒரு பக்கம் புதிதாக முளைத்து, இன்னொரு பக்கம் கண்டத்துக்கு அடியில் போய்ச் சொருகிக்கொள்ளும். சொருகும் இடத்துக்கு மேலே எரிமலை. ஆனால் கண்டமும் கண்டமும் மோதினால் இரண்டும் லேசு, எதுவும் அடியில் போக ஒப்பாது. நொறுங்கும், மடியும், மேலே ஏறும். மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் என்றார் மாதப்பா. சார் அரை மணி நேரம் சிரித்தார்.

அவருடைய ஆபீசில் மூத்தவர்கள் சிலர் அப்போது நம்பவில்லையாம். "கண்டம் என்ன கட்டை வண்டியா?" என்று கேட்டார்களாம். சார் பதில் பேச மாட்டார். மறுநாள் இன்னும் ரெண்டு மைல் கூட நடப்பார், அவ்வளவுதான். அவர் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நான். வரி தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் பாறையில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அந்த நாள் மாதிரி இனி வராது. சம்பளம் இப்போது கூட. ஆனால் வராது.

4-2, ஞாயிறு

மொபெட்டில் மச்சான் ஊருக்கு. மாமரமெல்லாம் பூ. குவாரிக்கு ஞாயிறு லீவு, ஆளே இல்லை. குன்றின் தெற்கு முனையில் மட்டும் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள். நம் பாறை வடக்கே, மேலே. இருக்கிறது! தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சூடு ஏறியிருந்தது.

சாம்பல் பாறை. அதில் இளஞ்சிவப்பு வரிகள். நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு கறுப்பு வரி. நேராக வந்து, கொண்டை ஊசி வளைவு மாதிரித் திரும்பி, பாறைக்குள் போய் மறைந்துவிடும். முதல் தடவை பார்த்த அன்று சார் சாப்பிடவே இல்லை.

"இருநூறு கோடி வருஷத்துக்கும் மேல ஆச்சு முனியப்பா. அப்போ இமயமலையே பொறக்கல. இங்க ரெண்டு நெலம் இடிச்சு, இங்க ஒரு பெரிய மலை நின்னுச்சு. மேல இருந்ததெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு. நாம நிக்கறது அந்த மலையோட வேருல." அத்தனை ஆழத்தில் அத்தனை சூட்டில் பாறை உருகாமலே களி மாதிரி இளகி மடியுமாம். மாதப்பா களி கிண்டும்போதெல்லாம் சார் அடுப்பருகே போய் நின்றுகொள்வார். மாதப்பாவுக்குப் பெருமை தாங்காது.

எங்களுக்குள் பந்தயம் ஒன்று. சார் சொன்னார், கறுப்பு வரி உள்ளே போய் இன்னொரு தடவை மடிந்திருக்கிறது, முதல் மடிப்பையே சேர்த்து மடித்த மாதிரி, அதாவது மோதல் ரெண்டு. நான் ஒன்றுதான் என்றேன். எனக்கு என்ன தெரியும், அவரைச் சீண்டத்தான். தோற்றவன் ஒரு மாசம் கேம்ப் பாத்திரம் கழுவ வேண்டும்.

"உடைச்சுப் பாத்தா தெரிஞ்சிடும் சார்."

"தெரிஞ்சிடும். அப்புறம் பாறை இருக்காது."

78-ல் கூடாரம் பிரித்த அன்று சொன்னார், "இதுல யாரும் சுத்தியல் வைக்கக் கூடாது. நீதான் பாத்துக்கணும். மாமனார் வீட்டு நெலம்தானே." கேம்ப்புக்குப் பால் ஊற்றிய வீட்டில்தான் நான் பெண் கட்டினேன். பாறை பார்க்க வந்து பெண் பார்த்தவன் என்று அதற்கும் கிண்டல். நான் சரி என்றேன். அந்தச் சரிக்குப் பன்னிரண்டு வயசு.

வெங்கடேசுவைப் பிடித்தேன். "அந்த ஒரு பாறைய மட்டும் விட்டுடு மாப்ளே."

"அதுக்கு இன்னா மாமா, மலையே நம்ம மலை. மேஸ்திரிகிட்ட நான் சொல்லிடறேன். நீங்க கவலப்படாம போங்க."

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கேம்ப்பில், சுத்தியல் வைக்கக் கூடாத இடத்தில் வெள்ளை வட்டம் போடுவோம். அது என் வேலை. இன்று கையில் வெள்ளை இல்லை. பஸ் ஷெட்டில் கேட்டு வாங்கிய மஞ்சள் அரை டப்பா இருந்தது. யோசித்தால் அதுதான் சரி. கம்பெனியில் ஒவ்வொரு மெஷினைச் சுற்றியும் மஞ்சள் கட்டம். அதற்குள் கால் வைத்தால் சூப்பர்வைசர் கத்துவார். டீசல் டேங்கைச் சுற்றியும் மஞ்சள்தான். மஞ்சள் என்றால் தள்ளி நில்.

நூல் பிடித்து, சாக்பீஸால் கோடு இழுத்து, நாலு பக்கமும் பெயின்ட் அடித்தேன். ஆள் நீளம் ஒன்றரை, அகலம் முக்கால். தூரப் போய் நின்று பார்த்தேன். ரொம்ப அழகாக வந்திருக்கிறது. நிம்மதி.

9-2, வெள்ளி

டயர் மாற்றியாயிற்று! வேறு விசேஷம் இல்லை.

பஸ்ஸில் கேட்டது: "கன்னடத்துல திட்டுனா கோவம் வர மாட்டேங்குது மச்சி, தெலுங்குல திட்டுனாதான் வருது." "உனக்கு எதுலடா திட்டு விழல?"

பதினெட்டாம் தேதிக்கு: சாருக்குத் தொப்பி ஒன்று. தண்ணீர் கேன். ஏறும் வழியில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது, வெட்டிவிட வேண்டும். சாருக்கு அறுபத்தைந்து இருக்கும். அந்தக் காலத்தில் எனக்கு முன்னால் ஏறி நின்று "என்னப்பா, வயசாயிடுச்சா?" என்பார்.

15-2, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை.

பி ஷிப்ட். காலை ஓய்வு. அரிவாளோடு வழியைச் சுத்தம் பண்ணப் போனேன். தார் ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில் கிரேன் நிற்கிறது. பக்கத்தில் கட்டைகள் மேல் ஒரு பிளாக், வெள்ளைத் தூசி மூடி. நாலு விளிம்பிலும் மஞ்சள்.

என் கோடு. பாதி பிளாக்கில். மீதி மேலே மலையில் இருக்கும்.

மேஸ்திரி கோவிந்தன் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். சேலம் பக்கம்.

"யாரு வெட்டச் சொன்னது இத?"

"இன்னாண்ணா கேக்கறீங்க? மார்க்கிங் இருந்திச்சே. ஆபீஸ்ல இருந்து மார்க் போடற ஆளு வந்து பெயின்ட்டுல கட்டம் போட்டுட்டுப் போவாரு, நாங்க அது மேலயே வரிசையா குழி போட்டு ஆப்பு அடிச்சு எடுப்போம். திங்கக்கிழமை வந்து பாத்தா புதுசா கட்டம். இவ்ளோ நேரா எவனும் போட்டதில்லன்னு பசங்க மெச்சிக்கினாங்க."

"அத போட்டது நான்தாங்க."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"தொடக் கூடாதுன்னு."

"அய்யய்யோ. கோடு இல்லாத பாறைய நாங்க தொடவே மாட்டோமேண்ணா. சும்மா வுட்டிருந்தா இந்த வருசம் பூரா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டோம்."

சும்மா விட்டிருந்தால்.

வெங்கடேசுவிடம் போனேன். பெரியப்பா வீட்டுக் கல்யாண வேலையில் மேஸ்திரியிடம் சொல்ல மறந்துவிட்டானாம். திட்ட வாய் திறந்தேன். எந்த மூஞ்சியோடு திட்ட? வெட்டச் சொன்னது நான். மாமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயசுக்காரன், கையில் அரிவாளோடு. அந்த வழியாகப் போன கிழவி பயந்து சுற்றிக்கொண்டு போனாள்.

பிளாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை லாரியாம். மெட்ராஸ் துறைமுகம்.

16-2, வெள்ளி

வெயில்.

தபால் ஆபீசில் தந்தி பாரம் வாங்கினேன். "வர வேண்டாம். கடிதம் பின்னால்." கொடுத்தேன். கவுன்டர் அம்மா படித்துவிட்டு, "காரணம் போடலையா? இப்படி அனுப்புனா, யாருக்கோ ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துக்குவாங்க" என்றார். காரணம் எழுத உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. கிழித்துப் போட்டேன்.

ஜெ. சொன்னாள்: "வரட்டும். வந்து நல்லா நாலு திட்டு திட்டட்டும். பொய் சொல்லி நிறுத்தறத வுட அது மேலு. களியும் அவரைப் பிதுக்குப் பருப்புக் குழம்பும் நான் பண்ணி எடுத்துகினு வரேன். அந்த மனுசன் என் கல்யாணத்துல பந்தி பரிமாறுனவரு."

பரிமாறினார்தான். மறந்தே போயிருந்தேன். பாயசம் வாளியோடு ஓடி ஓடி.

18-2, ஞாயிறு

எழுத நிறைய. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆனேக்கல், தளி வழியாகக் கார். பத்து மணிக்கு, நான் காத்திருந்த குன்றடிக்கு வந்தது. முதலில் இறங்கியது மகள் வித்யா. அவள் பின்கதவைத் திறந்து, குனிந்து, யாரையோ தூக்குகிற மாதிரித் தூக்கினாள். சார். வலது கை தொங்குகிறது. வலது கால் இழுக்கிறது. ரெண்டு வருஷம் முன்னால் பக்கவாதமாம். குண்டு எழுத்துக்குக் காரணம் தெரிந்தது.

என் சார். கரடுமுரடான குன்றில் எனக்கு முன்னால் ஏறியவர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குன்றைத்தான் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை. முகம் மெல்ல வாடியது.

"இவ்ளோ ஒசரமா இருந்துச்சு முனியப்பா? எப்படி ஏறப் போறேன்."

ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் போயிற்று. "ஏற வேணாம் சார். அதுவே எறங்கி வந்திருக்கு" என்று வந்துவிட்டது வாயில்.

காட்டினேன். சொன்னேன். பெயின்ட், கட்டம், மேஸ்திரி, எல்லாம். குத்தகையையும் சொன்னேன். "நான்தான் சார் வெட்டக் குடுத்தேன். உங்ககிட்ட சரின்னு சொல்லிட்டு, என் கையாலயே கோடு போட்டுக் குடுத்தேன்."

சார் கன்னடத்தில் ஒரு வார்த்தை சொன்னார். எழுத முடியாத வார்த்தை. "அப்பா!" என்றாள் வித்யா. நான் தலையைத் தூக்கவில்லை. கார் எஞ்சின் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும்.

அப்புறம்: "தண்ணி இருக்கா?"

பன்னிரண்டு வருஷத்துக்கப்புறம் அதே கேள்வி. ஓடினேன். கேனைத் தூக்கி வந்து பிளாக்கின் பக்கவாட்டில், வெட்டின முகத்தில் ஊற்றினேன். தூசி பால் மாதிரி வழிந்தது. உள்ளேயிருந்து வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. சாம்பல், சிவப்பு. கறுப்பு.

கறுப்பு வரி மேலேயிருந்து வந்தது. கொண்டை ஊசி மாதிரித் திரும்பியது. நிற்கவில்லை. மடித்த வேட்டியை இன்னொரு தடவை குறுக்கே மடித்த மாதிரி, வளைவும் அதன் இரண்டு பக்கமுமாக மொத்தமாக இன்னொரு பக்கம் வளைந்து, அடியில் போய்விட்டது.

சார் இடது கை விரலை அதன் மேல் வைத்து மெதுவாக, மெதுவாகக் கூடவே போனார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டு," என்றார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வருகிறது. "எண்ணிப் பாரப்பா. ரெண்டு தடவ இடிச்சிருக்கு. மொதல்ல ஒண்ணு வந்து மடிச்சுது. அது முடிஞ்சு எத்தனையோ காலம் கழிச்சு, வேற பக்கத்துல இருந்து இன்னொண்ணு வந்து மடிப்பையே மடிச்சுது. நான் சொன்னேனா இல்லயா?"

"சொன்னீங்க சார்."

"ஆபீஸ்ல எவன் நம்புனான்? நீயே நம்பல."

"நான் சும்மா சீண்டினேன் சார்."

"தெரியும்."

காரில் சாய்ந்து நின்றார். "இது அங்கேயே, வெட்டாம இருந்திருக்கணும் முனியப்பா. வெட்டலன்னா நான் இத பாத்திருக்கவே முடியாது. ரெண்டும் நெசம். எது பெருசுன்னு என்ன கேக்காத" என்றார்.

கப்பலில் போகிறது என்று நான் சொன்னதும், "நல்லது. இத்தன நாள் கண்டத்தோட போச்சு. இனிமே கொஞ்சம் வேகமா போவுது" என்றார்.

சாப்பாடு மச்சான் வீட்டில். வெங்கடேசு அவரைக்காய்த் தோட்டத்துக்குப் போனவன் போனவன்தான், சார் கிளம்பும் வரை வரவில்லை. சார் இடது கையால் களியைப் பிய்த்துக் குழம்பில் முக்கிச் சாப்பிட்டார். வித்யா ஊட்ட வந்தாள், விடவில்லை. "மாதப்பா களிய விட நல்லா இருக்கம்மா." ஜெயம்மாவுக்கு முகமெல்லாம் பூ. மாதப்பா போய்விட்டார் என்று நான் சொல்லவில்லை. தெரிந்திருக்கும்.

சாரின் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் கழுவினேன். ஜெ. பிடுங்க வந்தாள். "வுடு, இது என் வேல" என்றேன். அவளுக்குப் பந்தயம் தெரியாது.

கட்டிலிலிருந்து சார் குரல்: "ஒண்ணு! இன்னும் இருவத்தொம்பது நாளு."

19-2, திங்கள்

லாரி போயிருக்கும். பார்க்கப் போகவில்லை. ஏ ஷிப்ட். பஸ்ஸில் ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்து வண்டி முழுக்கக் கருவாட்டு வாசனை.

25-2, ஞாயிறு

வெயில் ஏறுகிறது. பனிக்காலம் முடிந்தது.

குன்றுக்குப் போனேன். பையில் மீதி மஞ்சள் டப்பா, பிரஷ். மேலே ஏறினால் சதுரப் பள்ளம், என் மீதிப் பாதிக் கோடு சுற்றிலும். உள்ளே இறங்கி, கொண்டுபோன பாட்டில் தண்ணீரைச் சுவரில் ஊற்றினேன். கறுப்பு வரி அங்கேயும் இருக்கிறது. மடிந்தபடியே மலைக்குள் போகிறது. எவ்வளவு தூரம் என்று யாருக்குத் தெரியும்.

டப்பாவை வெளியே எடுத்தேன். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். திறக்கவில்லை. பைக்குள் திரும்பப் போட்டேன்.

சாரிடம் சொல்ல வேண்டும்: வரி இன்னும் உள்ளே போகிறது.

அடுத்த ஞாயிறு:
பெங்களூர், காலை ஆறு மணி பஸ்
அவரைக்காய் ஒரு பை (ஜெ.)
தேங்காய் நார், புளி (சார் வீட்டுப் பாத்திரம் தேய்க்க)
இரண்டாம் நாள்